மாட்டுங்கா மேடையில் வீட்டை விட்டுப் போன அமெரிக்க மகள்

ஓர் அமெரிக்க நாடகத்தின் மேல் எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே பைத்தியம். ஒரே வீடு, பிடிவாதக்கார அப்பா, அவர் பேச்சைத் தட்டிய மகள். கறுப்பு வெள்ளைப் படம், கலர் படம், டிவி நாடகம் என எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. எதிலும் முடிவு ஒன்றுதான்: மகள் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவாள், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா திரும்பவே மாட்டார். போன ஜனவரியில் மும்பை செம்பூரில் இருக்கும் நண்பன் ரகு கூப்பிட்டான். தாராவிப் பிள்ளைகளை வைத்து அதைத் தமிழில் இயக்குகிறானாம். "ஒரு நாடகத்துக்கா மதுரையிலிருந்து இவ்வளவு தூரம்?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்கட்டும்.

செம்பூரில் ரகு வீட்டில்தான் தங்கல். அங்கிருந்து ஹார்பர் லைன் ரயிலில் குர்லா, குர்லாவில் மாறினால் மாட்டுங்கா. டிக்கெட் பத்து ரூபாய். நான் சோம்பல்பட்டு ஆட்டோ பிடித்தேன். சயானோடு நின்றுவிட்டது. "ஆகே டாக்ஸி பக்டோ, சாப்," என்றார் ஓட்டுநர். அதற்கு மேல் ஆட்டோவுக்கு அனுமதி இல்லையாம், டாக்ஸிதான் பிடிக்க வேண்டுமாம்.

ஒத்திகை, லேபர் கேம்ப் என்ற குடியிருப்பில் ஒரு மாடி அறையில். எல்லார் கையிலும் தமிழ் வசனம், ஆனால் ஹிந்தி எழுத்தில். "எங்களுக்குப் பேசத்தான் வரும் அண்ணா," என்று சிரித்தாள் ஜெபா, மகளாக நடிக்கும் பெண். அவள் அப்பா தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பேங்க் வேலையை விட்டுவிட்டு அவள் நாடகத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. "டிக்கெட்ட அம்மாகிட்ட குடுத்திருக்கேன். அப்பா வருவாவளான்னு தெரியல. வந்தா போதும், பேசாட்டியும் பரவாயில்ல." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தொல்லை ஒன்றுதான். கடைசி வசனத்தில் ஒவ்வொரு முறையும் "போயிட்டு வாரேன்" என்றே சொன்னாள். ரகு தலையில் அடித்துக்கொண்டான்.

"அரே, அவ திரும்பி வரவே மாட்டா! போறேன்னு சொல்லு!"

"வீட்ட விட்டு இறங்கும்போது யாராவது அப்படிச் சொல்லுவாவளா அண்ணா? வாய்ல வரமாட்டேங்கு."

நானும் ரகு கட்சிதான். எழுதியவர் முடிவை மாற்ற நாம் யார் என்று பெரிய மனிதனாட்டம் ஒரு சொற்பொழிவு வேறு ஆற்றினேன்.

மறுநாள் மாலை, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. நாடகம் தொடங்கியபோது மூன்றாம் வரிசை ஓர நாற்காலி காலி. இடைவேளைக்குப் பிறகு கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். அவர்தான் ஜெபாவின் அப்பா என்று ரகு மேடை ஓரத்திலிருந்து ஜாடை காட்டினான்.

கடைசிக் காட்சி. பெட்டியோடு வாசலில் நின்றாள் ஜெபா. "அப்பா... போயிட்டு வாரேன்."

போச்சுடா என்று நினைத்தேன். மேடை அப்பா திரும்பவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சரிம்மா. பாத்துப் போயிட்டு வா."

அரங்கில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஜெபா அப்படியே நின்றாள், தலையை ஆட்டினாள், போனாள். நான் அழுதுவிட்டேன், இதில் என்ன வெட்கம்?

வெளியே அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "பேசக் கூடாதுன்னுதான் வந்தேன்," என்றார். "பிள்ள சொல்லிட்டு இறங்கும்போது வாய மூடிட்டு இருக்க முடியுமா?" ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் ஜெபா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரகு அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டான். என் சொற்பொழிவையும் நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு மாலைகளில் இன்னும் சில காட்சிகள் இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆட்டோவை நம்பாமல் ரயிலில் போங்கள். மூன்றாம் வரிசை ஓர நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். எல்லாக் காட்சிக்கும் அவர் வருகிறாராம். பதில் சொல்ல ஆள் வேண்டுமே.