பொட்டு வைத்த நாற்காலி

ராக்னா இன்னும் சாகவில்லை. அதற்குள் வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பிள்ளைகள் பொட்டு வைத்துவிட்டார்கள். மகன் டோர்பெனுக்குச் சிவப்பு, மகள் லோனெவுக்கு நீலம். கடையில் விலை ஒட்டுகிற மாதிரி சின்ன வட்டக் காகிதம், பின்னால் பசை. தொங்கும் விளக்கில் நீலம், தேக்கு அலமாரியில் சிவப்பு, நீலப்பூ போட்ட பீங்கான் தட்டுகளில் மாறி மாறி. இங்கே டென்மார்க்கில் பல குடும்பங்களில் இப்படித்தான். செத்த பிறகு அடித்துக்கொள்வதைவிட முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொள்வது நாகரிகம் என்பார்கள். நாகரிகம்தான், யார் இல்லை என்றது? அம்மாக்காரி அதே அறையில் நகராட்சி கொடுத்த இரும்புக் கட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள் என்பது மட்டும்தான் இடித்தது.

காலையில் சாவி போட்டுத் திறந்து வந்த மெரெட்டே பொட்டுகளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். இங்கே வீடு இன்னும் எரியக்கூட ஆரம்பிக்கவில்லை.

மெரெட்டே நகராட்சியின் வீட்டு உதவியாள். எழுந்து நடக்க முடியாதவர்களின் வீட்டுக்குப் போய்க் கழுவி, துடைத்து, உடுத்தி, ஊட்டிவிட்டு வருவது வேலை. வயது ஐம்பத்து நான்கு. அப்பா பன்றி அறுக்கும் ஆலையில் இருந்தார். அவளும் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கோழி ஆலையில் நின்று, கோழிக்கும் குளிருக்கும் நடுவே சில வருடம் விரல் மரத்துப்போய், அப்புறம்தான் இந்த வேலைக்குப் படித்தாள். "கோழிய விட மனுஷன் தேவல, பேச்சுத் துணையாவது இருக்கும்" என்பாள். இருபது வருடத்துக்கு மேலாகிறது. கழுத்தெலும்பு தேய்ந்ததுதான் கண்ட மிச்சம்.

புருஷன் என்று ஒருவன் இருந்தான், யோர்கன். சமையலே செய்யாதவர்களுக்குச் சமையலறை விற்பவன். நன்றாக இருக்கிற அலமாரியைப் பெயர்த்துக் குப்பையில் போடவைத்து, அதே இடத்தில் அதே மாதிரி வெள்ளை அலமாரியைத் தவணைக்கு மாட்டிவிடுவது அவன் தொழில். ஒரு சமையலறை விற்றால் அவனுக்குக் கிடைக்கும் கமிஷன் மெரெட்டேயின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். சாப்பாட்டு மேஜையில் அதை அவன் ஒருநாளும் சொல்லாமல் விட்டதில்லை. கடைசியில் அவளையும் பெயர்த்துவிட்டு வேறொருத்தியை மாட்டிக்கொண்டான்.

மெரெட்டேயும் ஒன்றும் சாமியாரிணி இல்லை. ஊரே ஒரு தங்கக் கோடு போட்ட பூ ஜாடிக்குப் பைத்தியம் பிடித்து அலைந்த வருடம், கடை திறப்பதற்கு முன்பே மழையில் வரிசையில் நின்று இடித்துப் பிடித்து ஒன்று வாங்கினவள்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபிறகுதான், தான் பூ வாங்குகிற ஆளே இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இப்போது அதில் பாத்திரம் துலக்கும் பிரஷ் நிற்கிறது.

ராக்னா வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாமான் இருந்தது. ஜன்னலோரம் போட்டிருந்த தோல் நாற்காலி. அதன் வடிவத்தை வரைந்துகொடுத்தவர் பேர் எடுத்த மனிதர், அவர் பெயரை அடிக்கட்டையில் சூடு போட்டுப் பொறித்திருக்கிறார்கள். தோல் தைத்தது ராக்னாவின் புருஷன் ஸ்வென். அவன் பெயர் எங்கேயும் இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது உழவுக்கு மட்டும் சொன்னதா என்ன? பின்பக்கத் தையல் ஒரு விரற்கடை கோணிப்போனதால் அந்த நாற்காலி கடைக்குப் போகாமல் பட்டறையில் கிடந்தது. ஸ்வென் கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்குத் தூக்கிவந்தான். அதில் உட்கார்ந்துதான் ராக்னா இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்தாள். புருஷன் போனபிறகு அதில் உட்கார்ந்துதான் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தாள். கால் விழுந்தபிறகும் தினம் காலையில் மெரெட்டே ஆளைத் தூக்கும் பட்டையில் மாட்டி அவளை அதில் இறக்கிவைப்பாள். மத்தியானம் வரை ராக்னாவுக்கு வேறெதுவும் வேண்டாம்.

நாற்காலியில் சிவப்புப் பொட்டு இருந்தது.

பொட்டு வைத்த மறுவாரம் ஏலக் கம்பெனியிலிருந்து மதிப்புப் போடுகிறவர் வந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் கூட வந்தார்கள். டோர்பென் வீடு விற்றுக்கொடுக்கும் தரகன். லோனெ கம்பெனிகளுக்குப் போய், வேலையாட்கள் சந்தோஷமாக இருப்பது எப்படி என்று அரைநாள் பேசிவிட்டு வருவாள். அதற்குக் கட்டணம் கேட்டால் நமக்குச் சந்தோஷம் போய்விடும்.

அந்த நேரம் மெரெட்டே கட்டிலருகே மறைப்பை இழுத்துவிட்டு ராக்னாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். கையில் நீல ரப்பர் உறை. மறைப்புக்கு அந்தப்பக்கம் அந்த மனிதர் வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொண்டு நாற்காலியைத் தடவினார். கைப்பிடியைத் தடவினார், முதுகைத் தடவினார், குனிந்து அடியில் விளக்கடித்துப் பார்த்து "அருமை, அருமை" என்றார். பெற்ற பிள்ளைகள்கூட அந்தக் கிழவியை அப்படித் தடவிக்கொடுத்து மெரெட்டே பார்த்ததில்லை. பிறகு அவர் மூக்கைச் சுளித்து, ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டார். ராக்னா இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் கிடந்தாள். மார்ச் மாதக் காற்று. லோனெ ஓடிப்போய்த் திறந்துவிட்டாள்.

ஒரு லட்சம் குரோனருக்குக் குறையாது என்றார் அவர். "இனிமே யாரையும் இதுல உக்கார விடாதீங்க. தோல் அப்படியே இருக்கு. ஈரம் பட்டுச்சுன்னா பாதி போயிடும்" என்றும் சொன்னார். அரை மணி நேரத்தில் மெரெட்டேயின் இரண்டு நாள் கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் லோனெ சமையலறைக்கு வந்து மெரெட்டேயின் தோளில் கைவைத்தாள். குரலில் தேன். "அம்மாவ இனிமே பால்கனி நாற்காலில உக்கார வச்சிடுங்க மெரெட்டே. அவங்களுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போவுது?"

பால்கனி நாற்காலி வெள்ளை பிளாஸ்டிக். மத்தியானமே மேலதிகாரி பெர்னில்லாவிடமிருந்து போன் வந்துவிட்டது. குடும்பத்தார் சொல்கிறபடி அனுசரித்துப் போகும்படி சொன்னாள் பெர்னில்லா. போன குளிர்காலத்தில், சாகக் கிடந்த ஒரு மீனவர் கையை விடவில்லை என்று அடுத்த வீடுகளைத் தாமதமாக்கி மெரெட்டே ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்ததையும் ஞாபகப்படுத்தினாள். இன்னொன்று வந்தால் வேலை நிலைக்காது என்பது இருவருக்கும் தெரியும். அந்த வயதில், அந்தக் கழுத்தோடு, வேறு எங்கே போவாள்?

அதனால் அனுசரித்தாள். ராக்னாவை பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கினாள். கிழவி அதில் ஒரு பக்கம் சரிந்து, கைப்பிடி விலாவில் குத்த, சாக்குமூட்டை மாதிரி இருந்தாள். மூன்றடி தள்ளி அவளுடைய நாற்காலி வெறுமனே நின்றது, அதன்மேல் டோர்பென் ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்தியிருந்தான். சில நாளில் ராக்னாவின் பிட்டத்தில் தோல் சிவந்து உரிந்தது. மெரெட்டே மருந்து தடவிவிட்டு, தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்ததால், குளியலறைக்குப் போய்க் கையை மூன்று தரம் கழுவினாள்.

ராக்னா புலம்புகிற ஜாதி இல்லை, குத்துகிற ஜாதி. ஒருநாள் மெரெட்டே முதுகு துடைத்துவிடும்போது கேட்டாள். "எனக்கு எந்தப் பொட்டு வச்சிருக்காங்க? முதுகுல இருக்கும், பாத்துச் சொல்லு."

"உங்களுக்கு யாரும் வைக்கல, ராக்னா."

"அப்ப குப்பைக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். மெரெட்டேயும் சிரித்தாள். சிரித்ததற்காக அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ராக்னா விழித்து, தயாராகக் காத்திருந்தாள். மறுநாள் டோர்பென் நாற்காலியை ஏலத்துக்கு எடுத்துப் போகப்போகிறான் என்று முந்தின நாள் அவள் காது கேட்கவே பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"இன்னிக்கு அதுல உக்கார வை" என்றாள்.

"என் வேலை போயிடும், ராக்னா."

"தெரியும். அதனாலதான் இத்தன நாளும் கேக்கல."

மெரெட்டே வெள்ளை விரிப்பை உருவி எடுத்து, மடிக்காமல் தரையில் போட்டாள். கழுவி முடித்து, தூக்கும் பட்டையை மாட்டி, புது டயப்பரை எடுத்தாள். ராக்னா அவள் கைமேல் கை வைத்தாள்.

"அது வேணாம்."

மெரெட்டேக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முதலில் பயம்தான் வந்தது.

"நாற்காலி என்னுது" என்றாள் ராக்னா. "மூத்திரமும் என்னுது."

டயப்பர் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. யாரையும் வற்புறுத்தி உடுத்தக் கூடாது என்பது விதி. பொட்டு வைக்க முடியாததாக அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த 'வேண்டாம்' ஒன்றுதான். மெரெட்டே துண்டாவது விரிக்கலாம் என்று ஒன்றை எடுத்தாள், பிறகு அதை அலமாரியிலேயே திரும்ப வைத்தாள். கிழவியை நாற்காலியில் மெதுவாக இறக்கினாள். உடம்புக்கு இடம் தெரிந்திருந்தது, ராக்னா அதில் அப்படியே பொருந்திக்கொண்டாள். கறுப்பு ரொட்டியில் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுத்து, காபி ஊற்றிவைத்தாள். "இன்னொரு கப் ஊத்து, பெரிய கப்பா" என்றாள் ராக்னா. ஊற்றிக்கொடுத்துவிட்டு மெரெட்டே அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது கீழே வண்டி நின்றது. டோர்பெனுக்குப் பொறுக்கவில்லை, ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டான். கதவைத் திறக்கும்போதே தலைமுடி உலர்த்தும் கருவியின் இரைச்சல் கேட்டது. டோர்பென் நாற்காலி முன்னால் முட்டி போட்டு, அந்தக் கருவியைத் தோலில் காட்டிக்கொண்டிருந்தான். லோனெ காகிதத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். இருக்கையில் அகலமாகக் கறுத்திருந்தது. நாற்றம் போக ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள். கட்டிலில், போர்வைகூட இல்லாமல், தூக்கிப் போட்ட வாக்கில் ராக்னா கிடந்தாள். நனைந்த உடுப்பு தொடையோடு ஒட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. எவ்வளவு நேரமாக என்று யாருக்குத் தெரியும்? உலர்த்துகிற சூட்டுக் காற்று நாற்காலிக்குப் போய்க்கொண்டிருந்தது.

 

லோனெ கோபப்படவில்லை. ஆபத்பாந்தவர் வந்துவிட்ட மாதிரி எழுந்து வந்தாள். "நல்ல வேளை வந்தீங்க மெரெட்டே. உங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கம். என்ன போட்டாப் போகும்?"

மெரெட்டே அவளைத் தாண்டிப் போய் ஜன்னலைச் சாத்தினாள். வெந்நீர் பிடித்து வந்து, மறைப்பை இழுத்து, ராக்னாவின் உடுப்பை உருவிக் கழுவ ஆரம்பித்தாள். அவசரமே படவில்லை. மறைப்புக்கு வெளியே டோர்பென் தொண்டையைக் கனைத்தான். சும்மா செய்யச் சொல்லவில்லை, மூவாயிரம் குரோனர் இப்போதே போனில் அனுப்பிவிடுகிறேன் என்றான். மறைப்பு விலகாததால் ஐயாயிரம் என்றான்.

பொய் சொல்வானேன், மெரெட்டேயின் கை ஒரு நொடி நின்றது. ஐயாயிரம் சும்மா இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இதே மூத்திரத்தைத்தான் துடைத்திருக்கிறாள், இதே கையால். மனுஷி மேலிருந்து துடைத்தால் ஒரு விலை, மாட்டுத்தோல் மேலிருந்து துடைத்தால் ஒரு விலை என்று அன்றைக்குத்தான் கணக்குக் காட்டினார்கள். கிழவிக்கு உலர்ந்த உடுப்பு மாட்டி, கால்வரை போர்த்தி, ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி நெஞ்சோடு அணைத்துவைத்துவிட்டு மறைப்பை விலக்கினாள்.

"நாற்காலிக்கு என்னை அனுப்பல" என்றாள். "நான் ராக்னாவுக்கு வந்தவ."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. குளிரில் பல் தந்தியடித்தாலும் வார்த்தை தெளிவாக இருந்தது. "வினிகர் போட்டுப் பாரு, டோர்பென். நீ மெத்தையில பேஞ்சப்பல்லாம் நான் அதத்தான் போட்டேன்."

அன்று சாயங்காலமே புகார் போய்விட்டது. திங்கட்கிழமை பெர்னில்லா கூப்பிட்டு உட்கார வைத்து, மறந்துபோய் டயப்பர் போடாமல் விட்டேன் என்று சொல்லிவிட்டால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். மறக்கவில்லை என்றாள் மெரெட்டே. ராக்னா வேண்டாம் என்றாள், அதனால் போடவில்லை. வேலையை விட்டு நிறுத்த வேண்டாம், ஆனால் இனி அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது, ஊரின் மறுகோடியில் வேறு வீடுகள் என்று முடிவாயிற்று. ராக்னாவிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவளை விடவில்லை.

எழுந்திருக்கும்போது மெரெட்டே ஒன்று மட்டும் கேட்டாள். ஈரத்தோடு கிடந்த தங்கள் அம்மாவுக்கு யார் உடுப்பு மாற்றியது என்று பிள்ளைகள் புகாரில் எழுதியிருக்கிறார்களா?

பெர்னில்லா புகாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலின் வயது, தையலின் அருமை, ஏலக் கம்பெனி போட்ட மதிப்பு, கறையின் அகலம், நகராட்சி தர வேண்டிய நஷ்டஈடு எல்லாம் இருந்தன. ராக்னா என்ற பெயர் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. நாற்காலி இருக்கும் வீட்டின் விலாசத்தில்.