கை தூக்கினால் கதவு திறக்குமா

பூட்டுக்காரரைத் தெரியாத ஆள் அந்தச் சந்தையில் இருந்தால் அவர் நேற்றுதான் பிறந்தவராக இருக்க வேண்டும். மாடிக்குப் போகிற படிக்கட்டுக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற முக்கோணப் பொந்து ஒன்று உண்டு. அதுதான் அவர் கடை. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவி. சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், தேய்க்கச் சில அரங்கள், சாவி வெட்டும் மெஷின் ஒன்று. இதில் ஒன்றுகூட அப்பன் வைத்துவிட்டுப் போன சொத்தில்லை. சின்ன வயதில் சந்தை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேரில் ஆரம்பித்தவர் அவர். பெட்டிப் பூட்டு, பீரோப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தார். "படிப்படியா ஏறித்தான்யா படிக்கு அடியில வந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். பள்ளிக்கூடமா? எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் போனார். அதற்குமேல் அவரை வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பெருமை பேசுவார்தான். பேசட்டுமே. கையில் வித்தை இருக்கிறவன் பேசாமல் இருந்தால் இல்லாதவன் பேசிவிடுவான்.

அவருக்கு ஒரு வழக்கம். பூட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் எந்தப் பூட்டையும் தொட மாட்டார். அப்பாவின் பீரோவைத் திறக்கச் சொல்லி மகன் வந்தால், "அப்பாவைக் கூட்டிட்டு வா தம்பி" என்பார். சொந்தக்காரர் வர முடியாது என்றால் கோர்ட் ஆள் உத்தரவோடு வரவேண்டும். அண்ணன் குடோனைத் திறக்கச் சொல்லிக் காரில் வந்து இறங்கிய பெரிய மனுஷனையே வந்த காரில் திருப்பி அனுப்பியவர். "பூட்டைத் திறக்கக் கூப்பிட்டா, பொண்ணுகிட்ட கல்யாணத்துக்குச் சம்மதம் கேக்கிற மாதிரி கேக்கிறாரே" என்று சந்தையில் கேலி பேசுவார்கள். பேசினாலும், வெளியூர் போகிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் பூட்டு வாங்கினார்கள்.

அவருடைய எதிரி கடைசி வரிசையில் இருந்த அச்சகக்காரர். ஆள் ஒல்லி, நாக்கு நீளம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் எல்லாம் அடித்துக் கொடுப்பார். அது போக அவ்வப்போது சொந்தச் செலவில் ஒரு துண்டுப் பிரசுரம். சந்தைச் சங்கத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து தேர்தல் நடக்கவில்லை, சந்தையின் பொதுக் கழிப்பறைச் சாவி தலைவருடைய மச்சினன் இடுப்பில் தொங்குகிறது, கேட்க நாதியில்லை. இப்படி எழுதுவார். எல்லாரும் கல்லாவுக்கு அடியில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டு, வெளியே "அந்த ஆளுக்கு வேற வேலையில்லை" என்பார்கள்.

கடைசியாக வந்த பிரசுரத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: "ஊர்ப் பூட்டையெல்லாம் ஆராயும் நமது படிக்கட்டு மேதை, தன் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டால் சந்தைக்கு நிம்மதி."

படிக்கட்டுக்கு எதிரே தையல் மெஷின் போட்டிருக்கும் பூட்டுக்காரர் மனைவிதான் அதைப் படித்துக் காட்டினாள். பாதியிலேயே சிரிப்பு வந்து அவளால் முடிக்க முடியவில்லை. பூட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த பொதுக்கூட்டத்தில், "இந்த அச்சகத்தைச் சந்தையை விட்டே அனுப்பணும், சம்மதம்னா கை தூக்குங்க" என்று தலைவர் சொன்னதும் முதலில் எழுந்த கை அவருடையது. ரெண்டு கையையும் தூக்கினார் என்பாள் மனைவி. அது மிகை. ஒரு கைதான்.

அந்த வாரம் அச்சகக்காரர் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். காலையில் தலைவர் நாலைந்து பேரோடு படிக்கட்டுக்கு வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க. உங்க கைக்கு ஒரு வேலை இருக்கு."

அச்சகத்து ஷட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே தொங்கிய பூட்டு பூட்டுக்காரரே விற்று, அவரே மாட்டிக் கொடுத்தது. "இதை என்னைத் தவிர எவனாலும் திறக்க முடியாது" என்று அப்போது சந்தை முழுக்கத் தம்பட்டம் அடித்தவரும் அவரே.

"இதைத் திறந்து விடுங்கண்ணே. உள்ள இருக்கிறதை வெளிய எடுத்துப் போட்டுட்டுச் சங்கத்துப் பூட்டை மாட்டிடலாம்."

"ஆள் எங்கே?"

"எந்த ஆள்?"

"பூட்டுக்குச் சொந்தக்காரன்."

"அவன்தான் ஊர்ல இல்லையே. அதனாலதான் இன்னைக்கு வந்தோம்."

"அப்ப கோர்ட் உத்தரவு?"

"உத்தரவு எதுக்கு? பொதுக்கூட்டமே முடிவு பண்ணியாச்சு. முதல் கை உங்களுதுதானே?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் பூட்டுக்காரர் அடி வாங்கியதும் சுருண்டு படுக்கிற ஜாதியில்லை.

"ஆமா, தூக்கினேன். கோபத்துல தூக்கினேன். நேருக்கு நேரா நிக்க வச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னு தூக்கினேன். அவன் இல்லாத நேரத்துல அவன் கதவைத் திறக்கவா தூக்கினேன்? கை தூக்கினா கதவு திறக்கும்னா எனக்கு எதுக்குய்யா தொழில்? எல்லாரும் ஷட்டர் முன்னாடி கையைத் தூக்கிட்டு நில்லுங்க, திறக்குதான்னு பார்ப்போம்."

"விளையாடாதீங்கண்ணே. நாலு பேர் ஒண்ணு சொன்னா கூடப் போகணும்."

"நாலு பேர் சேர்ந்து ஒருத்தனைத் தூக்கிட்டுப் போற இடம் எதுன்னு தெரியுமில்ல?"

இப்போது வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். தலைவருக்கு முகம் கறுத்தது. பூட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"சரி, இத்தனை பேர் இருக்கீங்க. ஒரு கடப்பாரை போதுமே. உடைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? என்னை எதுக்குக் கூப்பிடுறீங்க?"

தலைவர் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "புரியாம பேசாதீங்க. உடைச்சா திருட்டும்பான். நீங்க திறந்தா நடவடிக்கைம்பான்."

அதுவா சங்கதி! இவர்களுக்கு வேண்டியது தன் விரல் இல்லை. இத்தனை வருஷம் சொந்தக்காரர் இல்லாமல் ஒரு பூட்டையும் தொடாதவர் என்கிற தன் பெயர் என்று பூட்டுக்காரருக்குப் புரிந்தது. அந்தப் பெயரை எடுத்துத் தங்கள் அக்கிரமத்துக்குப் போர்த்திவிடப் பார்க்கிறார்கள். அவர் உடனே தொண்டையைத் திறந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! உடைச்சா திருட்டாம், நான் திறந்தா நடவடிக்கையாம்! தலைவர் சொல்றார்!"

வாய்க்குப் பூட்டில்லாததால் வந்த நன்மை அது. சந்தையே கேட்ட பிறகு கடப்பாரையைத் தொட எவனுக்கும் தைரியம் வரவில்லை. தலைவர் போகும்போது ஒன்று சொன்னார்: "படிக்கட்டுக்கு அடியில உக்கார்றதுக்குச் சங்கம்தான் இடம் விட்டிருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

மத்தியானம் பாத்திரக்கடை வைத்திருக்கும் பூட்டுக்காரருடைய மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, சங்கத்தில் அவனும் ஒரு உறுப்பினன்.

"மாமா, உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? சந்தைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா? ஆளாளுக்கு நோட்டீஸ் அடிச்சா என்ன ஆகும்?"

"ஒழுங்கு வேணும்டா மாப்ளே. எனக்கும் தலைவருக்கும் அந்த ஒல்லிக்குச்சிக்கும் ஒரே மாதிரி இருந்தா அதுக்குப் பேர் ஒழுங்கு. தலைவருக்குப் பிடிக்காதவனுக்கு மட்டும் இருந்தா அது ஒழுங்கில்ல, தலைவரோட கோபம்."

"நீயாவது சொல்லுக்கா."

மனைவி தையலை நிறுத்தாமலே பேசினாள். "நான் என்னத்தைச் சொல்ல? உங்களைச் சந்தி சிரிக்க வச்சவன் அவன். அவனுக்காக நம்ம சோத்துல நாமே மண்ணைப் போட்டுக்கணுமா?"

"அவனுக்காகன்னு யார் சொன்னா?"

"பின்ன யாருக்காக?"

"இந்த இடத்துல உக்கார எனக்கு யாரும் பிச்சை போடலை. வேலை செஞ்சு உக்காந்தேன். இன்னைக்கு அந்த ஷட்டரைத் திறந்துட்டா, நாளையிலேர்ந்து தலைவர் சிரிச்ச முகமா இருக்காரான்னு பார்த்துட்டுத்தான் நான் கடையைத் திறக்கணும். அப்படி ஒரு பொழைப்பு எனக்கு எதுக்கு?"

மனைவி காலால் மிதியை அழுத்தினாள். மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் வந்தபோது படிக்கட்டைச் சுற்றி ஒரே கூட்டம். பூட்டுக்காரர் கடைக் கதவில் அவர் பூட்டுக்கு மேலே சங்கத்துப் பூட்டு தொங்கியது. பூட்டுக்காரனையே பூட்டிவிட்டார்கள்! எப்படித் திறக்கிறார் என்று பார்க்கத்தான் அத்தனை கூட்டமும். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். சுத்தத் தகரம். பலமாகத் தும்மினால் திறந்துகொள்ளும்.

மனைவி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி நீட்டினாள். "இந்தாங்க."

ஊசியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். கை நமநமவென்றது, அது என்ன பொய்யா? இருபது முகம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே திருகில் திறந்து காட்டுகிற பெருமையை வேண்டாம் என்று சொல்வது அவரைப் போன்ற ஆளுக்குப் பட்டினியைவிடக் கஷ்டம்.

"வேண்டாம்மா."

"உங்க கடைதானே!"

"கடை என்னுது. பூட்டு தலைவரோடது. என் வித்தையைக் காட்டி நான் உள்ள போயிட்டா, இது நாங்க ரெண்டு பேரும் விளையாடின விளையாட்டு ஆயிடும். அவர் பூட்டுவார், நான் திறப்பேன், ஊர் கைதட்டும். பூட்ட அவருக்கு என்ன உரிமைன்னு எவனும் கேக்க மாட்டான். பூட்டினவர்தான் வந்து திறக்கணும்."

"கிறுக்குப் பிடிச்சுருச்சு மாமாவுக்கு" என்றான் கூட்டத்தில் நின்ற மச்சினன்.

மனைவி ஊசியைத் திரும்பத் தலையில் செருகிக்கொண்டாள். "நீ போய் உன் பாத்திரத்தை விளக்குடா" என்று தம்பியை ஒரு அதட்டு அதட்டினாள். பிறகு தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அச்சகத்து ஷட்டர் முன்னால் போட்டாள். "நான் இங்கே உக்காந்து இந்த ஷட்டரைப் பார்த்துக்கறேன், நீங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்க. அங்கயாவது பெருமையடிக்காம விஷயத்தைச் சொல்லுங்க."

ஸ்டேஷனில் இருந்த அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க பூட்டுக்காரர்தானே? திறந்துட்டுப் போக வேண்டியதுதானே? என் உயிரை எதுக்கு வாங்குறீங்க?"

"நான் திறந்தா கதவு திறக்கும் சார். பூட்டினது தப்புன்னு ஆகாதே."

அதிகாரி சிரிப்பை நிறுத்தினார்.  பிறகு தலைவருக்குப் போன் போட்டார். "சந்தை நகரசபையோடது. யார் சொல்லிப் பூட்டினீங்க? நகரசபையா, கோர்ட்டா?" அந்தப் பக்கத்திலிருந்து இருமல்தான் வந்தது.

தலைவர் வந்தார், கூடவே ஒரு போலீஸ்காரர். சாவியை எடுத்துப் பூட்டில் நுழைக்கப் போனார். பூட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"ஏன் பூட்டினீங்கன்னு சொல்லிட்டுத் திறங்க."

"அதான் திறக்கிறேனே! இன்னும் என்ன?"

"பூட்டினதைச் சந்தையே பார்த்துது. காரணத்தையும் சந்தையே கேக்கட்டும்."

தலைவர் போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் கூரையைப் பார்த்தார்.

"ஒரு வேகத்துல... எனக்கு உரிமையில்லை. போதுமா?"

"எனக்குப் போதும். அந்த ஒல்லிக்குச்சி வந்தா அவன்கிட்ட தனியாச் சொல்லுங்க."

சந்தையில் கொஞ்சப் பேர் கைதட்டினார்கள். எல்லாரும் இல்லை. மச்சினன் தன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

அச்சகக்காரர் வந்தது அதற்கு மறுநாள். பையும் கையுமாக வரிசையில் திரும்பினால், தன் ஷட்டர் முன்னால் பூட்டுக்காரர் குனிந்து பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். அவர் என்ன நினைப்பார்? பையை அப்படியே போட்டார்.

"யோவ்! என் கடைப் பூட்டுல உமக்கு என்ன வேலை? வாயாலதான் வம்பளப்பீர்னு நினைச்சேன், கையாலயுமா?"

"திறக்கணும்னா நீ வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பேனாய்யா? நீ ஊருக்குப் போன நிமிஷமே திறந்திருப்பேன்!"

"திறந்தாலும் திறப்பீர்!"

"இந்த நன்றிகெட்ட மனுஷனுக்காகவா ரெண்டு நாளா..." என்று பூட்டுக்காரர் மனைவி கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அவள்தான் கொட்டினாள். கேட்கக் கேட்க அச்சகக்காரருக்கு நாக்கு சுருங்கிப்போனது. ஷட்டரைத் திறந்து உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஐயா, உங்களைப் பத்தி எழுதின அந்த வரியை அடுத்த நோட்டீஸ்ல வாபஸ் வாங்கிடறேன்."

"யார் வாங்கச் சொன்னா? எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். எனக்கு அது இன்னும் பிடிக்கலை, நீயும் பிடிக்கலை. என் பதிலைப் போடு. நீ போட்ட அதே அளவு எழுத்துல."

"சொல்லுங்க, போட்டுடலாம்."

பூட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். குடை ரிப்பேரிலிருந்து ஆரம்பிக்கப் போகிறார் என்று மனைவி தலையில் கை வைத்தாள். ஆனால் அவர் கழிப்பறைப் பக்கம் தொங்கிய பூட்டையும், தூரத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த தலைவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எழுது. சங்கத் தேர்தல் எப்போ? கழிப்பறைச் சாவி எங்கே? ஒருத்தனை வெளிய அனுப்பணும்னா அவனைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? பதில் தெரிஞ்சவங்க நேர்ல வந்து சொல்லலாம். கீழே 'பூட்டுக்காரர், படிக்கட்டுக்கு அடியில்'னு போடு."

"அதையும் அதே அளவு எழுத்துலயா?"

"அதை மட்டும் கொஞ்சம் பெருசாப் போடு."