அக்கா என்று நான் எழுதிய போட்டோ

என் பெஞ்சுத் தோழிகளே, பக்கத்து அறையில் அண்ணன் படுத்திருக்கிறான். நான் சிரிக்கும் சத்தம் கேட்டு எழுந்து வந்தால் தொலைந்தேன். போர்வைக்குள் டார்ச் வைத்து, நாம் மாற்றி மாற்றி எழுதும் நோட்டில் எழுதுகிறேன்.

அக்கா கல்யாணத்துக்காகப் போன வாரம் வீட்டை ஒழித்தோம். பெட்டியில் கிடந்த பழைய போட்டோக்களின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதுவது என் வேலை. ஒன்றில் பாவாடையும் பூ வைத்துத் தைத்த ஜடையுமாக ஒரு குழந்தை. ‘அக்கா, மூன்று வயது’ என்று எழுதி, கணக்குப் பார்த்து வருஷமும் போட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா வந்தபோது அந்தப் போட்டோவை ஆசையாகக் கேட்டார். நானே கொடுத்துவிட்டேன்.

இன்று மஞ்சக்குட்டை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன்.

“ஏங் கண்ணு, உங்கக்கா சின்னதுலயே நொம்ப லட்சணம். எம்பையன் அந்தப் போட்டோவச் சட்டைப் பையிலயே வெச்சிருக்கான்.”

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஜடை வெச்சதா? அது உங்கண்ணன்டி. சேர்வராயன் கோயில்ல மொட்டை போடறதுக்கு முந்தி, முடி போகுதேன்னு பாவாடை கட்டி எடுத்தது.”

அக்கா பாயில் உருண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே, “அவங்கிட்ட வாயைத் தொறந்துறாத சாமி” என்றாள்.

அண்ணனின் மீசை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை விருந்துக்கு வருகிறார். பக்கத்து இலை அண்ணனுக்கு. அவர் பையிலிருந்து போட்டோவை எடுத்தால் நான் எந்தப் பக்கம் ஓடுவது? ஆளுக்கொரு வழி எழுதி, சனிக்கிழமைக்குள் நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.