ராயபுரம் – எண்ணூர்: வண்டி மறக்காத ஒரு போன்

பிளஸ் டூ லீவில் எண்ணூர் போவதென்று முடிவெடுத்தது நானும் தீபக்கும். போன ஞாயிறு கிளம்பியிருக்க வேண்டும். காலையில் காய்ச்சல் என்று மெசேஜ் போட்டான். அதற்குப்பின் போனையே எடுக்கவில்லை. எண்ணி எண்ணித் தள்ளிப்போன எண்ணூருக்கு இந்த ஞாயிறு நான் மட்டும் போனேன்.

ராயபுரத்திலிருந்து எண்ணூரின் காத்திவாக்கம் கழிமுகம் சுமார் பதிமூன்று கிலோமீட்டர். பஸ் உண்டு. ஆனால் நசீர் பாய் என்ற வாடகைக் கார் டிரைவர், ஞாயிறுதோறும் எண்ணூரில் ஒரு குடும்பத்தை ஏற்றிவரக் காலி வண்டியோடு போவார். நூறு ரூபாய் கொடுத்தால் நம்மையும் ஏற்றிக்கொள்வார். அவர் நம்பரை எனக்கு அனுப்பியதே தீபக்தான். காலை ஏழரைக்கு ஏறினேன்.

"இன்னா நைனா, நீ மட்டுந்தானா? தோஸ்துங்க வர்லியா?"

"தோஸ்துக்கு ஜுரம் பாய். எனக்கு ஜுரம்கூட துணைக்கு வரல."

திருவொற்றியூர் தாண்டினால் இடது பக்கம் கன்டெய்னர் லாரிகள், வலது பக்கம் கடல். பாட்டுப் போடலாம் என்று என் போனை வண்டியோடு இணைக்கப் பார்த்தேன். இடமில்லை, பழைய போன் ஒன்றை நீக்கவும் என்றது வண்டியின் ஸ்கிரீன்.

"ஏதுனா ஒண்ண தூக்கு நைனா. ஏறுறவன்லாம் கனெக்ட் பண்ணிட்டு அப்டியே உட்டுட்டுப் பூட்றான்."

பட்டியலில் மூன்றாவது பெயர் 'பல்லு வெளக்காதவன்'. உலகத்திலேயே அந்தப் பெயரில் ஒரு போன்தான் இருக்கும். டியூஷனில் தீபக் அசந்த நேரத்தில் அவன் போனுக்கு அந்தப் பெயர்சூட்டு விழா நடத்தியவன் நான்.

விரல் சும்மா இருக்குமா? தொட்டேன். தீபக் வண்டியில் இல்லை, அவன் போனிலிருந்து வண்டி எடுத்துவைத்த கால் பட்டியல் மட்டும் இருந்தது. போன ஞாயிறு, வரிசையாக மிஸ்டு கால். எல்லாம் என் நம்பர். பெயர்: 'தொல்லை'.

பாய் எட்டிப் பார்த்தார். "அவுனுங்களா? போன வாரம் நாலு பசங்க, செம ஜாலி. எவனோ ஒருத்தன் போன் அட்ச்சிகினே இருந்தான். ஸ்கிரீன்ல பேரு வர்றப்பல்லாம் ஒரே சிரிப்பு. தெரிஞ்ச பசங்களா?"

"இல்ல பாய்."

தீபக்கின் போனைத்தான் நீக்கினேன். பாதி கோபம். மீதிப் பாதி, அடுத்து ஏறுபவன் அவன் அம்மா நம்பர்வரை பார்ப்பானே என்றுதான். என்னுடையதை இணைக்கவில்லை.

"பாட்டு?"

"வேணாம் பாய்."

கழிமுகத்தில் இறங்கியபோது ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். "யார் கூட வந்தே?" என்று கேட்டார். பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, "வர்றாங்கண்ணே" என்றேன்.

போகிறவர்களுக்கு: அங்கே நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். வாடகை வண்டியின் ஸ்கிரீன் உங்கள் காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள்; அது இல்லாமலே பாட்டு வரும். இறங்குமுன் உங்கள் போனை அதிலிருந்து நீக்குங்கள். நண்பர்களோடு போனால் கட்டாயம் நீக்குங்கள்.

பாறையில் ஒரு நண்டு பக்கவாட்டில் நடந்தது, அச்சு அசல் தீபக் நடை. வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பப் போனேன். அவன் இப்போது எந்த வண்டியில், எந்த ஸ்கிரீன் முன்னால் இருக்கிறானோ. போனைப் பைக்குள் போட்டேன்.