குவாத்தமாலா போகவிடாத விசா தேதி

பழங்கால மாயா நாகரிகத்தின் பிரமிடுகளைப் பார்க்க, அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஆலனிலிருந்து குவாத்தமாலாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். ஏர்போர்ட் கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "உங்கள் அமெரிக்க விசா முடிந்துவிட்டது. அது இருந்தால்தான் குவாத்தமாலாவில் உள்ளே விடுவார்கள், உங்களை ஏற்ற முடியாது" என்றார். வேலை அனுமதியை நீட்டித்த கடிதத்தைக் காட்டினேன். "இது இங்கே தங்குவதற்குத்தான்" என்றார்.

"எல்லாம் செக் பண்ணிட்டேன்னீங்களே?" என்று கணவரிடம் பொரிந்தேன்.

"என்னோடதைத்தான் பார்த்தேன்" என்று இழுத்தார்.

அவரை நம்பிச் சும்மா இருந்த என் மேலும் ஆத்திரம் வந்தது. மாயா எண்களையெல்லாம் எழுதிப் பழகியிருந்த மகள், "ஐ வோன்ட் கோ வித்தவுட் அம்மா" என்று அழுதாள். மூவரும் வீடு திரும்பினோம்.

போயிருந்தால் திரும்பி வரமுடியாமல் அங்கேயே மாட்டியிருப்பேன் என்று பிறகு எங்கள் விசா வேலைகளைப் பார்க்கும் வக்கீல் சொன்னார். அப்போதும் எரிச்சல் தணியவில்லை. இப்போதெல்லாம் டிக்கெட் போடும் முன் என் விசா தேதியை நானே பார்க்கிறேன். போகிற நாட்டுத் தூதரகத்துக்கும் போன் பண்ணிக் கேட்டுவிடுகிறேன்.