திங்கட்கிழமைத் துண்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஈப்போ நகரை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஓர் இரும்புப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி ரப்பர் தோட்டத்திலேயே, பால் வடியப் பட்டையைச் சீவுகிற மரம் வெட்டு வேலையில் இருந்தாள். அவள் வேலையை விட்டால் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் நான் மட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் தங்கி, சனிக்கிழமை மாலை தோட்டத்துக்குப் போய்த் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் திரும்புவேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. வாரத்தில் ஒரு நாள் நடத்துவதெல்லாம் ஒரு குடும்பமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஈப்போவில் என்ன பெரிய குளிர் என்று சிரிக்காதீர்கள். வருடக் கடைசி மழையில் விடியற்காலை பஸ்ஸுக்கு நின்று பார்த்தால் தெரியும். அப்படி ஒரு திங்கட்கிழமை, விடாமல் தூறிக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்போது மனைவி தன் துண்டை எடுத்து என் தலையையும் காதையும் மூடி, கழுத்தோடு சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டாள். மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டுகிற கட்டு அது.

"நல்லா இறுக்கிக் கட்டு, பஸ்ஸுல காத்து அடிக்கும்" என்றேன்.

"இறுக்கக் கூடாதுங்க. மரத்துலேர்ந்து செவ்வெறும்பு விழுந்தா ஒரே இழுப்புல கழண்டு வரணும்லா."

"ஜெலாப்பாங்ல ஏது செவ்வெறும்பு?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினேன்.

மழைநாளில் பட்டறை இரும்பெல்லாம் ஜில்லென்றிருக்கும். விரல் மரத்துப்போகும். எண்ணெயும் இறுகிக் கிடக்கும் என்பதால், மெஷினைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். அதற்குள் துண்டைக் கழற்றியிருக்க வேண்டும். பக்கத்து மெஷின்காரர் சொல்லவும் செய்தார்.

"அண்ணே, துண்டக் கழட்டிட்டு நில்லுங்கலா."

"இந்தா, உடம்பு சூடாகட்டும்" என்றேன். குளிர் ஒரு சாக்குத்தான். துண்டில் அவள் வாசனையும் ரப்பர் பால் வாசனையும் இருந்தன. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எனக்கு வேறு துணை கிடையாது.

ஓர் இரும்புத் தண்டைப் பூட்டி ஓடவிட்டு, கடைசல் சரியாக வருகிறதா என்று குனிந்தேன். நழுவித் தொங்கிய துண்டின் முனையைச் சுழல்கிற தண்டு பிடித்துக்கொண்டது. என் தலை மெஷினை நோக்கிப் போனது. கத்தக்கூட நேரமில்லை. அடுத்த நொடி முடிச்சு அவிழ்ந்தது. துண்டு என் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு போய், தண்டில் சுற்றி நார்நாராகக் கிழிந்தது. பக்கத்து மெஷின்காரர் பாய்ந்து வந்து சுவிட்சை அணைத்தார். நான் தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு அவள் இறுக்கிக் கட்டியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

சனிக்கிழமை கழுத்துச் சிராய்ப்பைப் பார்த்துக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே அழுதாள்.

அடுத்த திங்கட்கிழமையும் மழை. அவள் துண்டை எடுக்கவில்லை. என்னை வாசலில் நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் என் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

"இது மெஷின்ல மாட்டாதுலா. போய்ட்டு வாங்க" என்றாள்.

முதலாளி தோட்டத்தை விற்றுவிட, அவளும் ஈப்போவுக்கு வந்து சேரும்வரை மழைக்காலத் திங்கட்கிழமைகள் அப்படித்தான் விடிந்தன. வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அவள் விடவில்லை.

அவள் கண்மூடிச் சில வருடங்களாகிவிட்டன. போன தீபாவளிக்கு மகள் எனக்கு ஒரு கம்பளி மப்ளர் வாங்கித் தந்தாள். பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். மெஷினை விட்டு எத்தனையோ காலமாயிற்று, இனி எதிலும் மாட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் மழைக் காலையில் வெறும் காதோடு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன். குளிரத்தான் செய்கிறது, ஆனால் நானே மூடிக்கொண்டால் அந்தக் கைகளுக்கு அங்கே இடமிருக்காது.