முப்பது கிலோ

இது கட்டுக்கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது.

அண்ணி ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும் ஆள் கிடையாது. வண்டிகளுக்கு சீட் தைப்பது அவர் தொழில். ரெக்ஸின் அரை அங்குலம் விலகினாலும் முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். அப்படிப்பட்டவர் மணி பார்த்து, நாள் பார்த்து என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடைசியில் வருவது மட்டும் நான் என் காதால் கேட்டது.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, கும்மிருட்டு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். இதில் மோசமான பகுதி பட்டப்பகலில் நடந்தது. காலை பதினொன்று இருபதுக்கு.

என் அண்ணனுக்கு மேடு பள்ளத்தில் வண்டி ஓட்டுவதில் பைத்தியம். ரோடு நன்றாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. கல், சேறு, மணல் மேடு, இதெல்லாம்தான் அவருக்கு ரோடு. நாலு சக்கர பைக் ஒன்று, சேற்றில் ஓட்டும் பைக் இரண்டு வைத்திருந்தார். ஒருநாள் ஏலத்தில் ஒரு பழைய பஸ்ஸை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இது எதுக்குங்க?"

"முன்பாதி வீடு. பின்பாதி மூணு வண்டியும் நிக்கிற ஷெட். எங்க மலை தெரியுதோ அங்க நிறுத்தறோம், வண்டியை இறக்கறோம். குழந்தையா குட்டியா, நம்மளை யாரு கேக்கப் போறா?"

அண்ணி சிரித்துவிட்டார். அன்று சாயங்காலமே இரண்டு பேருமாக சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

ஒரு வருஷம் வேலை நடந்தது. தரை முழுக்கக் கனமான இரும்புத் தகடு போட்டார்கள். வண்டிகளைக் கட்ட வளையங்கள் வைத்தார்கள். நடுவில் குறுக்குச் சுவர், அதில் சின்னதாக ஒரு கதவு. முன்பக்கம் கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி. பின்னால் வண்டி ஏற்றும் ராம்ப் மட்டும்தான் மாட்ட வேண்டியிருந்தது.

அப்போதுதான் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயசு.

பஸ்ஸை விற்றுவிடச் சொல்லி எல்லாரும் சொன்னோம். அண்ணி கேட்கவில்லை. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பஸ்ஸிலேயே குடியேறினார். அவருடைய பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் பஸ் நின்றது. சுற்றிலும் லேத், பெயிண்ட், டயர் கடைகள். பகலில் காது கிழியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அதோடு சரி. மறுநாள் காலை எட்டரை வரைக்கும் அந்தத் தெருவில் மனிதக் குரல் கிடையாது.

நாற்பத்து நாலு வயசில் பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினார். ராம்ப்பை வெல்டர் ஒருவரை வைத்து மாட்டினார். மூன்று வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் போக ஆசைப்பட்ட இடங்களுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும். அவ்வளவுதான் அவர் எண்ணம். எனக்குப் போன் செய்வார். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். நான் கேட்டால், "ரெண்டு பேருக்கு வச்சுட்டேன்மா, கை பழக்கம்" என்பார்.

முதல் தடவை ஒரு புதன்கிழமை. சாயங்காலம் ஆறு பத்து.

கட்டிலுக்கு மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டம்ளரில் டீ. திடீரென்று டம்ளரில் டீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூடவே பின்பக்க ஸ்பிரிங், 'கிரீச்...' என்றது.

யாராவது பஸ்ஸில் ஏறினால் அப்படித்தான் ஆகும்.

எழுந்துபோய்க் குறுக்குச் சுவர்க் கதவைத் திறந்து பார்த்தார். மூன்று வண்டிகளும் நின்றன. பின்கதவு உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது. ஆள் இல்லை.

மறுநாளும் அதே ஆறு பத்து. அதே 'கிரீச்...'

மூன்றாம் நாள் சத்தம் வேறு. வண்டிகளைத் தரையோடு இழுத்துக் கட்டும் பெல்ட் இருக்கிறதல்லவா, பல் சக்கரம் வைத்தது, அதன் பிடியை ஆட்ட ஆட்ட இறுகும். அந்தச் சத்தம்.

டக்... டக்... டக்...

அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பயம் வரவில்லை. அழுகை வந்தது. ஏனென்றால் வண்டிகள் வாடகை வீட்டு வாசலில் நின்ற நாளிலேயே, படுக்கப் போகுமுன் அண்ணன் தினமும் செய்த வேலை அது. ஒருமுறை போய் எல்லா பெல்ட்டையும் இறுக்கிவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"நீங்களா?" என்று கேட்டார்.

சத்தம் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து, குறுக்குச் சுவரில் ஒரே ஒரு தட்டு. டொக்.

அன்றைக்கு அண்ணி எனக்குப் போன் செய்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்யாணமான புதுசில் பேசுவாரே, அந்தக் குரல். "உங்க அண்ணன் எங்கயும் போகலைம்மா. இங்கதான் இருக்கார்." துக்கம் மனசைக் கலக்கிவிட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். எந்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. அது என் தப்பு.

இப்படி ஐந்து வாரம் போனது. ஆறு பத்துக்கு அது ஏறும். அண்ணி அன்றைய கதையெல்லாம் சொல்வார். எந்த வாடிக்கையாளர் முறைத்தார், எந்த ஊசி உடைந்தது, எல்லாம். பதிலுக்கு ஒரு தட்டு வரும். டொக். படுக்கும்போது குறுக்குச் சுவர்க் கதவை ஒரு சாண் திறந்தே வைப்பார். "நான் எங்க போனாலும் கூடவே இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

ஒன்றே ஒன்று மட்டும் அவருக்கு உறுத்தியது. காலையில் போய்ப் பார்த்தால், வண்டிகளைக் கட்டிய பெல்ட்டுகள் தளர்வாகவே இருக்கும். இறுகியிருந்தது வேறு ஒரு பெல்ட். உபரியாகத் தரையில் கிடந்தது. எதையும் கட்டாமல் வெறும் வளையமாக இறுகியிருந்தது. சின்ன வளையம். அண்ணியின் கையே உள்ளே நுழையவில்லை.

அவர் அதை அவிழ்த்து வைத்துவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

பஸ்ஸை வீட்டு வண்டியாகப் பதிவு மாற்ற வேண்டுமென்றால் எடைச் சீட்டு வேண்டும். மொத்த எடை, முன்சக்கர எடை, பின்சக்கர எடை, மூன்றும் தனித்தனியாக. ஒரு வியாழக்கிழமை மூன்று வண்டிகளையும் பட்டறையில் இறக்கி வைத்தார். டேங்க்கை நிரப்பினார். நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த எடை மேடைக்கு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனார்.

எடை மேடைக்காரர் பெரியவர். கண்ணாடி போட்ட சின்ன அறை. உள்ளே ஒரு பழைய ஃபேன். சுவரில் சிவப்பு எழுத்தில் எடை காட்டும் பெட்டி.

அண்ணி மேடையில் பஸ்ஸை ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். 7,840. முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்தார். 2,910. பிறகு முன்னால் நகர்த்தி, பின்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி வைத்து, எஞ்சினை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு இறங்கி வந்தார்.

மணி பதினொன்று இருபது. வெயில் சுள்ளென்று அடித்தது.

4,930.

"சரியா வருதும்மா," என்று பெரியவர் பட்டனை அமுக்கப் போனார். கை நின்றது.

4,920.

அவர் பெட்டியை ஒரு தட்டு தட்டினார்.

4,910.

"உள்ள ஆள் இருக்காம்மா?"

"இல்லீங்களே."

"யாரோ பின்னாலேருந்து முன்னால நடக்கறாங்க. இறங்கச் சொல்லுங்க."

4,900.

அங்கேயே நின்றது. பஸ் முழுக்க ஜன்னல். வெயிலில் உள்ளே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கட்டில். அடுப்பு. ஓட்டுநர் சீட்.

யாரும் இல்லை.

அண்ணிக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்ததாம். 'நான் சொன்னா நம்பலையே, இப்ப மெஷினே காட்டுது' என்று. என்னைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டார்.

பெரியவர் எரிச்சலோடு சொன்னார்.

"விளையாடாதீங்கம்மா. குழந்தையை இறக்கி விட்டுட்டு வாங்க."

"குழந்தையா?"

"முப்பது கிலோதானே காட்டுது. பெரியாளா இருந்தா இவ்வளவுதான் குறையுமா?"

அண்ணியின் கை போனோடு அப்படியே நின்றது.

என் அண்ணன் தொண்ணூற்று நாலு கிலோ.

4,910...

4,920...

4,930.

பின்னால் திரும்பிப் போய்விட்டது.

ஐந்து வாரம். தினமும் சாயங்காலம். தன் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியிருக்கிறார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

யாரிடம்?

பெரியவர் எடைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பின்னால் இரண்டு லாரி நின்று ஹாரன் அடித்தன. அண்ணி ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறினார். குறுக்குச் சுவர்க் கதவைப் பார்க்காமல் சீட்டில் உட்கார்ந்தார்.

நாலு கிலோமீட்டர்.

முதல் கிலோமீட்டர் ஒன்றும் இல்லை.

சிக்னலில் நின்றபோது பின்னால், 'க்ளிக்.' அந்தக் கதவின் கொக்கி.

இரும்புத் தகட்டில் காலடி. ஷூ இல்லை. வெறுங்கால்.

தப்... தப்... தப்...

அவசரமே இல்லாமல்.

கட்டிலைத் தாண்டியது.

அடுப்பைத் தாண்டியது.

நின்றது. அவருடைய சீட்டுக்குப் பின்னால்.

கண்ணாடி தலைக்கு மேலேதான். அவர் பார்க்கவில்லை.

"யார்... நீ?" என்று கேட்டார்.

அத்தனை நாளும் 'நீங்க' என்றே பேசியவர். அன்றைக்குத்தான் முதல் 'நீ'.



சீட்டின் முதுகில், அவரே தைத்த ரெக்ஸினில்...

டொக்.

மிக மெதுவாக.

பட்டறைக்கு எப்படி வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு, கைப்பையைக்கூட எடுக்காமல், மூன்று தெரு நடந்து ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றவரின் முகம் வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நான்தான் ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்து அனுப்பினேன். நான்தான் மாடி அறையைத் திறந்து விட்டேன்.

அப்புறம் அவர் அந்த பஸ்ஸில் கால் வைக்கவே இல்லை.

நான் விசாரிக்காமல் விடவில்லை. அந்த பஸ் ஓடிய டிப்போவுக்குப் போனேன். பதினோரு வருஷம் அதை ஓட்டிய ஓட்டுநரையே பிடித்தேன். வாசல் தாண்டி வந்து பேசினார். "அந்த வண்டியிலயா? ஒரு கீறல் கிடையாதும்மா. ஒரு கோழியைக்கூட அடிச்சதில்லை. நல்ல வண்டி." அண்ணிக்கு முன்னால் பட்டறை இடத்தில் யார் இருந்தார்கள் என்று பார்த்தேன். டயர் குடோன். அவ்வளவுதான். ஒரு கதையும் இல்லை. ஒரு சாவும் இல்லை.

மூன்று மாதம் கழித்து பஸ்ஸை ஒரு இளம் தம்பதி வாங்கினார்கள். அவர்களுக்கும் அண்ணன் மாதிரியே மேடு பள்ளப் பைத்தியம். எதையும் மறைக்கக் கூடாது என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பையன் சிரித்தான். "அக்கா, எங்களுக்கு வாட்ச்மேன் ஃப்ரீயா?" என்றான்.

போன மாதம் அவன் போன் செய்தான். அண்ணி என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, வண்டி சூப்பர். ஒரு சத்தம் இல்லை, ஒண்ணும் இல்லை. நிம்மதியா தூங்கறோம். ஒரே ஒரு விஷயம். எங்க பேருக்கு மாத்தறதுக்கு, எங்க சாமானையெல்லாம் இறக்கிட்டு மறுபடி எடை போட்டோம். அதே எடை மேடை, அதே பெரியவர், டேங்க்கும் ஃபுல். 7,810 காட்டுது. உங்க சீட்டுல 7,840. முப்பது கிலோ குறையுது. ஜாக்கி, ஸ்பேர் சாமான் ஏதாச்சும் இறக்கி வச்சிருந்தா சொல்லுங்க, வந்து எடுத்துக்கறேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன்.

அவர் அந்த பஸ்ஸிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்து வரவில்லை. கட்டின புடவையோடு வந்தவர்.

"ஒண்ணும் இல்லைப்பா," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அண்ணி தலை நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"வந்த அன்னைக்கே தெரியும். ஆட்டோவுலயே தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ கதவைத் திறந்திருப்பியா?"

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் யாரோ தூங்குகிறாற்போல.

"முதல்ல பயமாத்தான் இருந்துச்சும்மா. அப்புறம்... யாருமே இல்லாம இருக்கறதுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை."

அண்ணி இன்னும் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை.